எலினெஸ் அக்காவின் கரும்புச் சாறு

அம்மாவுக்கு லிம்பானி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

போன வாரம் ஆலையில் சின்னச் சலசலப்பு. ஆலைக்குக் கரும்பு பயிரிட்டுத் தரும் எலினெஸ் அக்காவின் சரக்கில் இனிப்பில்லையென்று மேலாளர் திருப்பி அனுப்பப் பார்த்தார். நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அதன் சாற்றை நீல மருந்தோடு கொதிக்கவைத்தேன். முழுச் சர்க்கரை அந்த நீலத்தை மாற்றாது. வெட்டிய கரும்பு நாள்பட்டால் சர்க்கரை இரண்டாக உடையும்; அதுதான் சிவப்பாக்கும். சாறு செங்கல்லாய்ச் சிவந்தது. அதே வயலில் சோதித்த அன்றே புதிதாக வெட்டிய கரும்பின் சாறோ லேசாகப் பச்சையானதோடு நின்றது. ஆலை வாசலில் ஐந்து நாள் கிடந்துதான் கரும்பு கெட்டிருக்கிறது. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

"யாரு சம்பளம் குடுக்குறான்னு நெனப்பிருக்கா?" என்றார் மேலாளர்.

"சம்பளம் நீங்க குடுக்குறீங்க சார். நெறம் நான் குடுக்கலையே."

அக்காவின் கரும்பை எடுத்துக்கொண்டார்கள். என்னைக் கரும்பு லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்கு மாற்றிவிட்டார்கள். நல்ல காற்று வருகிறது, கவலைப்படாதீர்கள்.

யாராவது வந்தால் ஏரிக் கருவாடு கொடுத்தனுப்புங்கள். கடிதத்தைக் கொஞ்சம் நீளமாக எழுதுங்கள். இங்கே பேச ஆளில்லை. லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

மகன்,
லிம்பானி