றோட்டுக்கரையில் நிற்க ஒரு ஆள்

19 ஒக்டோபர் 2009, திங்கள், லண்டன்

காலையிலிருந்து தூறல். ஹீட்டர் போடவில்லை, ஒரு ஆளுக்கு எதற்கு.

வேலைகள்: சிவப்புக் கம்பளம் லோண்டரிக்கு. மணவறைத் தூணில் பொன்நிறம் உரிந்த இடத்துக்குப் பெயின்ற். பால். ட்ரெய்லர் பிரேக்.

கடைசியை முதலில் எழுதியிருக்க வேண்டும். நேற்று லூயிஷம் கலியாணம் முடிந்து, வாடகைக்குக் கொடுத்த மணவறை, கதிரைகள், ஜெனரேற்றர் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிறிஸ்டல் பலஸ் இறக்கத்தில் வருகிறேன். கீழே பாதசாரிக் கடவை. பிரேக்கை மிதிக்கிறேன், ட்ரக் நிற்கப் பார்க்கிறது, பின்னால் ட்ரெய்லர் தள்ளுகிறது. கடவையில் ஒரு பெண், பிள்ளை வண்டியோடு. அவள் வண்டியைப் பின்னுக்கு இழுத்ததால் தப்பியது. நான் கடவையைத் தாண்டித்தான் நின்றேன். அவள் ஏசவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். ஏசியிருக்கலாம்.

சாமான் வைக்கும் யார்ட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது.

பிழை என்னுடையதுதான். ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில் ட்ரெய்லர் பிரேக்குக்கென்று தனிக் கன்ட்ரோலர் இருக்கிறது. அதில் இலக்கத்தைக் கூட்டினால் ட்ரெய்லர் இறுக்கிப் பிடிக்கும், குறைத்தால் மெல்லப் பிடிக்கும். போன கிழமை வெறும் ட்ரெய்லரை இழுத்தபோது குலுக்கியது, 2க்கு இறக்கினேன். சுமை ஏற்றிய பிறகு கூட்ட மறந்துவிட்டேன். மடையன்.

வரும் ஞாயிறு எட்மண்டனில் கலியாணம். அதற்குள் இதைச் சரிசெய்யாமல் ஓடமாட்டேன். ஓடக்கூடாது.

20, செவ்வாய்

மழை. கையேட்டை எடுத்து வாசித்தேன். ஊருக்குத் திரும்பிப் போன அமெரிக்கப் படைக்காரன் ஒருவன் ட்ரக்கையும் ட்ரெய்லரையும் சேர்த்து விற்றுவிட்டுப் போனது. இங்கத்தைய கராஜ்காரருக்கு இந்தக் கன்ட்ரோலர் விளங்காது. "உதைக் கழட்டி எறியுங்கோ அண்ணை" என்கிறார்கள். இடதுபக்க ஸ்ரியரிங் எனக்குப் பிரச்சினையில்லை, டென்மார்க்கில் ஓடிப் பழகியது.

செய்முறை சின்னதுதான். சுமை ஏற்றிய ட்ரெய்லர். மட்டமான, காய்ந்த றோட்டு. இருபது மைல் வேகத்தில் ஓடிக்கொண்டே கன்ட்ரோலரில் இருக்கும் கைப்பிடியை முழுதாக அமத்த வேண்டும். ட்ரெய்லர் சில்லு நன்றாகப் பிடிக்க வேண்டும், ஆனால் உருளாமல் இறுகி இழுபடக்கூடாது. இழுபட்டால் இலக்கத்தைக் குறை. பிடி போதாவிட்டால் கூட்டு. திரும்ப ஓடு.

சிக்கல் ஒன்றுதான். ஓடுகிறவனுக்குச் சில்லுத் தெரியாது. ட்ரெய்லர் பெட்டி மறைக்கும். றோட்டுக்கரையில் ஒரு ஆள் நின்று பார்க்க வேண்டும்.

வாங்கிய புதிதில் மகன் நிரோதான் நின்றான். சில்லு இறுகினால் கையை உயர்த்துவான். இந்தப் பங்குனியில் ஃபாரஸ்ட் கேட்டில் சிநேகிதர்களோடு அறை எடுத்துப் போய்விட்டான். சண்டை கிண்டை இல்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை தகப்பனோடு நோர்பரியில் கிடக்க வேண்டுமென்று சட்டமா. அவன் தாய் ராணி டென்மார்க்கிலேயே நின்றுவிட்டாள். நாங்கள் பிரிந்தது அங்கே எல்லாருக்கும் தெரியும். இங்கே ஒருவரும் கேட்கவில்லை.

நிரோவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மெசேஜ் விடவில்லை. என்னவென்று விடுவது, வந்து நில்லு என்றா.

21, புதன்

வானம் வெளித்திருக்கிறது, றோட்டு இன்னும் ஈரம்.

மோகனின் கடையில் பால், மரக்கறி. மோகனிடம் கேட்டேன், பத்து நிமிடம் வந்து நிற்க ஏலுமா என்று.

"கந்தசட்டி அண்ணை. ஒரு நேரச் சாப்பாடு. கடை பூட்டினால் நேரே கோயில்தான்."

"மத்தியானம் ஒருக்கா வாவன்."

"கடையை ஆர் பாக்கிறது? சூரன்போர் முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை வாறன்."

"ஞாயிறு கலியாணம் மோகன்."

"அப்ப உங்கட மணவறையில மாப்பிள்ளையா உங்களையே இருத்தி வைச்சுட்டு வாறன்," என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு கார் வரைக்கும் சிரித்த முகத்தோடேயே போனேன், கழற்ற மறந்துபோய்.

பின்னேரம் நானும் கோயில். நல்ல சனம். ஊரில் சண்டை நடந்த சித்திரை வைகாசியில் ஒருவருக்கும் கலியாணம் வைக்க மனமிருக்கவில்லை, எல்லாம் இப்போது சேர்ந்து வருகிறது. மூன்று பேர் திகதி கேட்டார்கள். எல்லாருக்கும் நான் மணவறை அண்ணை. பாதிப் பேரின் கலியாண அல்பத்தில் என் தூண்கள் நிற்கின்றன. "சுகமா இருக்கிறியளோ?" "ஓம், இருக்கிறன்." விரதத்தில் முகம் வாடி நிற்கிறவர்களை றோட்டில் வந்து நில்லுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

தனிய இருந்து பழகிவிட்டது என்று சொல்லித் திரிகிறேன். பழகவில்லை.

22, வியாழன்

காய்ந்த றோட்டு. வெயில்கூட.

பல் விளக்கும்போது ஒரு யோசனை. என்னிடம் இரண்டு போன். ஒன்றைப் பொலித்தீன் பையில் போட்டு, யார்ட்டுக்கு முன்னால் விளக்குக் கம்பத்தடியில் வைத்தேன். அது தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு, மற்றதிலிருந்து அதற்கு அடித்து, ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு ஓடினேன். சில்லு இழுபட்டால் சத்தம் கேட்குமே.

கேட்டது. முதலில் ஒன்றுமில்லை, காற்று. பிறகு தூரத்தில் ஒரு ட்ரக் வருகிறது. கிட்ட வருகிறது. கடந்து போகிறது. அது நான். எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. கைப்பிடியை அமத்தவே மறந்துவிட்டேன்.

இரண்டாம் முறை 8இல் வைத்து அமத்தினேன். கிறீச். இறுகுகிறது. எந்தச் சில்லு, எவ்வளவு தூரம், தெரியாது. மூன்றாம் முறை திரும்பி வரும்போது ஸ்பீக்கரில் ஆள் குரல். ஹலோ, இது யாருடைய போன், இங்கே ஏன் கிடக்கிறது என்று இங்கிலீஷில். எதிர் வெயாஹவுஸின் செக்கியூரிட்டிக்காரர். கானா நாட்டுக்காரர், என் வயதிருக்கும். அந்த ட்ரக்கில் வருகிறவன் நான்தான் என்றேன். விளங்கப்படுத்தினேன். வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, சரி ஓடு, நான் பார்க்கிறேன் என்றார்.

8இல் புகை வருகிறது என்றார். 7இல் கடைசியில் கொஞ்சம் இழுபடுகிறது. 6.5இல் நன்றாகப் பிடிக்கிறது, இரண்டு பக்கமும் உருள்கிறது. இன்னொருமுறை ஓடு என்று அவரே சொன்னார். ஓடினேன். கண்ணாடியில் பார்த்தால் ஒரு மனிதன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, குனிந்து, என் வண்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

தேவையில்லாமல் இன்னும் இரண்டு சுற்று ஓடினேன்.

25, ஞாயிறு

நேரத்தைப் பின்னுக்கு மாற்றும் நாள் என்பதை மறந்து ஒரு மணித்தியாலம் முந்தி எட்மண்டனில். மண்டபம் பூட்டு. குளிரில் நின்றேன்.

வரும் வழியில் மோட்டர்வேயில் ஒரு வெள்ளை வான் சட்டென்று முன்னுக்குப் புகுந்து பிரேக் போட்டது. நானும் மிதித்தேன். தள்ளவில்லை, உலாஞ்சவில்லை. ட்ரக்கும் ட்ரெய்லரும் ஒன்றாக, நேராக வேகம் குறைந்தன. "பாத்தியே" என்று பக்கத்துச் சீற்றைத் திரும்பிப் பார்த்தேன். குத்துவிளக்கு இருந்தது, சீற் பெல்ற் போட்டபடி.

மணவறை எழுப்பி முடிய பெண்ணின் தாய் வந்து, "அண்ணை, இருந்து சாப்பிட்டுத்தான் போகோணும். வீட்டிலை எத்தினை பேர்?" என்றா. இரண்டு என்று வந்துவிட்டது வாயில். இரண்டு பார்சல் தந்தா. ஒன்று இரவுக்கு. மற்றது ஃபிரிட்ஜில்.

26, திங்கள்

வெயில். யார்ட்டில் மணவறை துடைத்தேன். இந்தக் கிழமை கலியாணம் இல்லை. மத்தியானம் மற்றப் பார்சல்.

சாப்பிடும்போது நிரோவின் போன்.

"அப்பா, மிஸ்ட் கோல் இப்பதான் கண்டன். சொறி, ஃபுல்லா ஷிப்ட். என்ன விஷயம்?"

"ஒண்டுமில்லையடா. ட்ரெய்லர் பிரேக் செட் பண்ண றோட்டிலை நிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது."

"ஓ, அதா. செட் பண்ணிட்டீங்களா?"

வாயில் சோறு. விழுங்கினேன்.

"இல்லை. இன்னும் சரிவரேல்லை."

"சீரியஸ்லி, அப்பா? அப்பிடியேவா ஓடித் திரியிறீங்கள்? ஆரையாவது அடிச்சால்? நான் சண்டே வாறன். அதுமட்டும் ட்ரக்கை எடுக்காதேங்கோ, ஓகே?"

"ஓம். எடுக்கேல்லை."

"லஞ்சுக்கு வாறன். பிறகு ரெண்டு பேருமாச் செய்வம்."

ஆட்டிறைச்சி வாங்க வேண்டும், எலும்போடு. அவனுடைய அறைக்கு ஹீட்டர். 6.5இல் சரியாக நிற்கிறது. ஞாயிறு காலை அவன் வர முந்தி 2க்கு இறக்கி வைக்க வேண்டும்.