செவ்வாய்க்கிழமைப் படங்கள்

08.03.2026 ஞாயிறு

இன்று எங்கள் மொட்டை மாடியில் நின்றவர்கள்: நான், பேத்தி ரொஷேல், கீழ்வீட்டு ஸீனத், பக்கத்து வீட்டுக் கிளறன்ஸ். நாளைக்கு ஒருவரும் இல்லையென்று சொல்ல ஏலாது, அதற்காகத்தான் பெயர் எழுதுகிறேன்.

தண்ணி மோட்டர் களவு போன பிறகு கிளறன்ஸ் தன் மாடி விளிம்பில் பெரிய லைட் ஒன்று பூட்டினான். போன வருசம் ரொஷேல் கண்காட்சிக்கு அனுப்பின படம் அந்த லைட்டால்தான் திரும்பி வந்தது. பிள்ளை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சிங்கராசிப் பக்கம் மூன்று கலக்ஸி, நட்சத்திரக் கூட்டங்கள், ஒன்றாக நிற்கின்றனவாம். சின்னத் தொலைநோக்கியில் கமெராவைப் பூட்டி, அரை நிமிசத்துக்கு ஒரு படமாக நூற்றுக்கணக்கில் எடுத்து, கொம்பியூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் தெரியுமாம். மூன்றரைக் கோடி வருசம் வந்த வெளிச்சம். கடைசி இருபது அடியில் இவன் கெடுக்கிறான்.

"நிலவு வருமட்டும் எட்டிலயிருந்து பத்து வரைக்கும் நிப்பாட்டுறன், றஞ்சியக்கா," என்றான். ஸீனத் சாட்சி.

10.03 செவ்வாய்

எல்லாச் செவ்வாயும் போல கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்வந்தேன். ரொஷேல் கீழே கொம்பியூட்டரோடு. மேலே பூனைக்கும் தூறலுக்கும் காவல் நான்.

15.03

செவ்வாய்க்கிழமைப் படங்களில் மட்டும் ஒரு பக்கம் மஞ்சள் படிந்திருக்கிறதாம். மற்ற நாளெல்லாம் சுத்தம். என் கண் அசந்த நேரம் போட்டிருக்கிறான். வேறென்ன?

18.03

நேற்றும் செவ்வாய். நேற்றும் மஞ்சள். இன்று கோயில் வாசலில் கிளறன்ஸைப் பிடித்தேன். நாலு பேர் கேட்கத்தான் சொன்னேன்.

"பிள்ளை வேலை முடிஞ்சு வந்து கண்முழிச்சு எடுக்குது, நீ லைட்டைப் போட்டு விளையாடுறியா? உன்ட கலியாணத்தில என்னைக் கடைசி வரிசையில இருத்தினவன்தானே நீ."

தலையைக் குனிந்தான். "சரியக்கா" என்றான். அவ்வளவுதான். களவாளியின் முகம்.

22.03

ஸீனத் படியேறி வந்து சொன்னாள். கிளறன்ஸின் புது மோட்டரும் பதினேழாம் திகதி களவு போய்விட்டதாம். எட்டுக்கும் பத்துக்கும் இடையில், இருட்டில். அவன் லைட் போடவேயில்லை.

ரொஷேல் என்னைப் பார்த்தாள். "அம்மம்மா, செவ்வாய்க்கிழமையில நீங்க மேல என்ன செய்யிறீங்க?"

நான் என்ன செய்தேன்? படம் நல்லாக வரட்டுமென்று, கோயிலில் வாங்கின மெழுகுதிரியை டின் மூடியில் வைத்து, தொலைநோக்கிக்குப் பக்கத்தில் கொளுத்தி —

ஒரு சின்னத் திரி.

பிள்ளை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

23.03

கிளறன்ஸ் வீட்டுக்குப் போனேன்.

"உன்ட மாடியிலயிருந்து என்ட திரி தெரிஞ்சதா?"

"தெரிஞ்சது."

"பிறகேன்டா வாயைத் திறக்கேல்ல?"

"அந்தோனியாருக்குக் கொளுத்தினதை அணையுங்கோ எண்டு நான் எப்பிடியக்கா சொல்றது?"

14.04 செவ்வாய்

திரி கீழே, குசினி அடுப்புக்குப் பக்கத்தில். கதவும் சாத்தியிருக்கிறேன். மேலே பிள்ளை கடைசி இரண்டு மணித்தியாலத்தை எடுக்கிறாள். கிளறன்ஸின் மாடி இருட்டு.

27.04

கண்காட்சிக்குப் படத்தை எடுத்துக்கொண்டார்கள். மூன்றும் தெரிகின்றன. ஒன்று விளிம்பால் நிற்கிறது, கோடு மாதிரி. ஒரு பிரதியைக் கிளறன்ஸ் வீட்டில் கொடுத்தேன். அவன் பிறகு வாங்கின மோட்டருக்கு இரும்புக்கூடும் அடித்துக் கொடுத்தாயிற்று. அது வேறு.

அவன் அன்றைக்கே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் பிள்ளைக்கு ஒரு செவ்வாய் மிஞ்சியிருக்கும். நானும் கோயில் வாசலில் அப்படிக் கதைத்திருக்க மாட்டேன். என்னைக் கதைக்க விட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றானே, அதைச் செத்தாலும் மன்னிக்க மாட்டேன்.

கிளறன்ஸை.