அறுபத்திரண்டு தாள்

8-6-2024, சனி
வெள்ளையடிக்கும்போது வீட்டில் இருந்தவர்கள்: நான், மச்சான் (என் வீட்டுக்காரர்), மகள் தஹ்ஸீன், பெயிண்டர் ஆரோக்கியராஜ். நாலு பேர்.

பரணிலிருந்து மாமியாரின் தகரப் பெட்டியை இறக்கினோம். அவர் மௌத்தாகி நாற்பத்தோரு வருஷம். நான் பார்த்ததில்லை. உள்ளே அரபு எழுத்தில் தாள்கள், ஓரமெல்லாம் செல்லரித்து. ஓதுகிற ஏடுதான், காலில் படக்கூடாது. கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்துவிட்டு எண்ணினேன். 62.

"படிச்சுட்டுப் போடுங்கக்கா, சொத்துப் பத்திரமா இருக்கப் போவுது" என்று ஏணியிலிருந்து சிரித்தார் ஆரோக்கியராஜ்.

"இது அல்லாவோட எழுத்து. வேலையப் பாருங்க" என்றேன்.

10-6-2024
ஓதுகிற தாளைக் குப்பையில் போடக்கூடாது; முத்தமிட்டு, வெள்ளைத் துணியில் முடிந்து, வெள்ளாறு கடலில் சேருமிடத்தில் விட்டோம். மனசுக்கு நிறைவு.

17-6-2024, பெருநாள்
மச்சானின் தங்கை ஷமீனா ஷார்ஜாவிலிருந்து பேசினாள். "உம்மா பொட்டில ஏதாச்சும் இருந்துச்சா மச்சி?"

"ஓதுற தாளுதான். ஆத்துல விட்டாச்சு."

"உம்மா கையெழுத்துன்னு ஒண்ணுமே இல்லல்ல" என்றாள். சும்மாதான் சொன்னாள். எனக்குத்தான் குத்தியது. முன்பு அவளோடு ஒரு சண்டையில் நான் கேட்டது அப்படி: "ஒங்க உம்மா கைநாட்டு. நான் பள்ளிக்கூடம் போவாமயே தானாப் படிச்சவ. என்னையா பேசுற?" தாய் போகும்போது அவளுக்கு ரெண்டு வயசு.

23-6-2024
பெட்டியைத் துடைத்தேன். அடியில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே இன்னொரு தாள். 63.

சில எழுத்துகளில் கூடுதல் புள்ளி. ஆற்றில் விட்ட தாள்களிலும் இதே புள்ளிகள்; அன்றைக்குப் பூச்சி எச்சம் என்று நினைத்தேன். இன்று என்னவோ எழுத்துக் கூட்டி ஓதினேன் —

"இன்னிக்கி ஷமீனா நின்னுச்சு. நாலு எட்டு வச்சு எம் முந்தானையப் புடிச்சுது. மேக்கால கூரை ஒழுவுது. பெரிசானதும் புள்ளைக்கி வாசிச்சுக் காட்டணும்."

தமிழ். யா அல்லாஹ், தமிழ்!

மச்சானிடம் ஓடினேன். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "அரபுத்தமிழு. அரபு எழுத்துல தமிழ எழுதுறது. அப்பல்லாம் கடுதாசி, மருந்துச் சீட்டு எல்லாமே அதுலதான். உம்மா சாயந்திரமானா ஒக்காந்து எழுதுவாங்க. நான் துஆன்னு நெனச்சேன்" என்றார்.

24-6-2024
ஒரு வரி. ஒரே ஒரு வரி சத்தமா ஓதியிருந்தா காதே சொல்லியிருக்குமே. எண்ணத் தெரிஞ்சுது, வாசிக்கத் தோணலியே எனக்கு. பொருள் தெரியாமலே ஓதிப் பழகின வாய். நானா படிச்சவ?

27-6-2024
சிதம்பரம் கீழவீதி ஜெராக்ஸ் கடை. லேமினேட் செய்யக் கொடுத்தேன். "வேணாம்மா, சூட்டுல கருவிடும். போட்டோ எடுத்துக்கலாம்" என்றார் கடைக்காரர் கலைமணி. "என்னம்மா இது, குர்ஆனா?"

"ஒழுவுற கூரை, முந்தானை, புள்ள" என்றேன். அழுகை வந்துவிட்டது. காசு வாங்க மறுத்தார்.

29-6-2024
ஷமீனாவுக்கு இன்று அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஷமீனா, உம்மா கைநாட்டு இல்லை. 63 தாள் எழுதியிருக்கிறார்கள். 62-ஐ நான் ஆற்றில் விட்டேன். மீதி ஒன்றின் போட்டோ இது. ஓதுகிற மாதிரி சத்தமாக வாசி, புரியும். அன்றைக்குச் சண்டையில் நான் சொன்ன சொல்லுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன். தாளை அனுப்பவா, நீ வந்து வாங்கிக்கொள்கிறாயா? திட்டுவதானாலும் சரி, பதில் சீக்கிரம் போடு.