பொழுது சாய்வதற்குள்

ஜூலை 14, திங்கள்

மண்டையைப் பிளக்கும் வெயில். திண்டிவனத்திலிருந்து மேல்சித்தாமூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். சான்றிதழ் வாங்க வந்த பெண்களிடம் எங்கள் ஐடிஐ பற்றிப் பேச்சு. எலெக்ட்ரீஷியன் பிரிவில் இதுவரை ஒரு பெண்கூடச் சேரவில்லை. சொல்லித்தர நான் ஒருத்தி இருந்து என்ன பிரயோசனம்?

"ஷாக் அடிச்சா இன்னா பண்றது மிஸ்?" கொல்லென்று சிரிப்பு. ஒருத்தி மட்டும் சிரிக்காமல், நான் கொண்டுபோன சுவிட்ச் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பெயர் பத்மா.

"நான் சேர்றேன் மிஸ். அப்பாகிட்ட மட்டும் நீங்க வந்து பேசுங்க."

ஜூலை 15, செவ்வாய்

பத்மா வீடு. நயினார் குடும்பம், மல்லாட்டை விவசாயம்; வாசலெல்லாம் காயப்போட்ட வேர்க்கடலை. அவள் அப்பா மோர் கொடுத்தார். பெண் கல்வி, சொந்தக் கால், சம உரிமை என்று விளாசித் தள்ளினேன். மனுஷன் இன்னொரு டம்ளர் மோர் ஊற்றினார். கடைசியில், "நீங்க சொல்றதெல்லாம் கரெக்ட்டுங்க. ஆனா ஒத்து வராதுங்க."

வழியெல்லாம் எரிச்சல். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு ஆள்! பஸ்ஸில் குடையை வேறு தொலைத்தேன்.

ஜூலை 16, புதன்

பத்மாவிடமிருந்து போன். "பொண்ணுன்னு அப்பா வாணாங்கல மிஸ். நயினாருங்கன்னா ஜைனருங்க, பொழுது சாய்ஞ்சா சாப்புட மாட்டோம். சாயங்கால ஷிப்ட் முடிஞ்சி பஸ் புடிச்சி வந்தா இருட்டிடும். தினம் ராப்பட்டினியா கெடப்பியேன்னு அழுவுறாரு."

காலை ஷிப்டில் இடமில்லை.

சே! அவ்வளவு பேசினேனே, 'ஏன்' என்று ஒரு தடவை கேட்டேனா? வெட்கமாக இருந்தது.

ஜூலை 17, வியாழன்

பொழுது சாய்வதற்குள் பத்மாவைச் சாப்பிட விடச் சொல்லி முதல்வரிடம் மல்லுக்கட்டல். "ஒருத்திக்கு விட்டா எல்லாரும் டிபன் டப்பாவ தூக்கிக்கினு கெளம்பிடுவாங்க மேடம்." கிளம்பட்டுமே! கடைசியில் இறங்கி வந்தார். வகுப்பு நடுவே, ஆசிரியர் அறையில், என் மேசையில் சாப்பிடலாம்.

பத்மாவின் அப்பாவுக்குச் சொன்னேன்.

"ஒண்டியா உக்காந்து சாப்புடணுமேங்க?"

"நான் கூட உக்காந்துக்கறேங்க. இனிமே அந்த மேசையில கருவாடு கெடையாது."

சிரித்துவிட்டார். சரி என்றார். கருவாடு போனால் போகிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

மந்தாரம், தூறல். பத்மாவுக்கு முதல் பிராக்டிகல். ஒரு சுவிட்ச், ஒரு பல்ப். மற்றவர்களின் ஒயரைச் சரிபார்த்ததில் எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. அவளுக்கும்தான். நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே இருட்டு. அவள் டப்பா என் மேசையில், திறக்காமல்.

"பரவால்ல மிஸ், பசிக்கல." பொய். எனக்குத்தான் அழுகை வந்தது. முதல் நாளே கோட்டை விட்டேன்.

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அவள் அப்பாவின் போன். "சாப்ட்டாளாங்க?"

மறைக்க மனம் வரவில்லை. "இல்லீங்க. பல்ப் மாட்டிக்கினு இருந்தா. நானும் மறந்துட்டேன். என் தப்புதாங்க."

அவ்வளவுதான், நாளையிலிருந்து அனுப்ப மாட்டார் என்று நினைத்தேன்.

"பல்ப் எரிஞ்சிதாங்க?" என்றார்.