வாங்கில் இருந்தவரின் சட்டை

12 ஆகஸ்ட் 2006, சனி, இரவு

இன்று வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் என் கணவருடைய நீளக்கை ஜெர்சியைக் கண்டேன். இவர் இறந்த பிறகு நானே பையில் கட்டிப் பழைய உடுப்புக் கடைக்குக் கொடுத்தது. முதுகில் ஒரு பிரெஞ்சுக் கோல்கீப்பரின் பெயர், கடைசி எழுத்து சரிந்தபடி. சிட்னியில் வேறு யார் அந்தப் பெயரைப் போடப் போகிறார்கள்? எல்லாரும் அணிக் கப்டனின் பெயரோடு திரிய, இவர் மட்டும் மாற்று வீரர்கள் குந்தியிருக்கும் வாங்கிலேயே காலம் கழித்தவனின் பெயரைச் சொல்லி அச்சடிப்பித்தார். "அவனுக்கும் ஒராள் வேணுமெல்லே" என்பார்.

கால் தானாக அந்தப் பக்கம் போனது. போட்டிருந்தவன் நம் தமிழ்ப் பெடியன்தான்.

"இது ஆரின்ரை பெயர் எண்டு தெரியுமே தம்பி?"

"தெரியாது அன்ரி. குளிருக்கு வாங்கினனான்."

சொன்னேன். அந்தக் கோல்கீப்பர் கிளப் கிளப்பாக மாறியதை, நாட்டு அணியில் எடுத்தும் ஒரு ஆட்டத்திலும் இறக்காமல் விட்டதை, சத்தமில்லாமல் ஓய்வு பெற்றதை, எல்லாம் இவர் எனக்குச் சொன்னபடியே.

"அப்ப, ஆளுக்கு ரசிகர் ஒருத்தருமே இல்லையோ?"

"ஒராள் இருந்தவர்" என்றேன்.

இவரை நான் 'இருந்தவர்' என்று சொன்னது இன்றுதான் முதல் தடவை.