அக்கா கட்டிய தண்ணீர்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாவலை அச்சுக்கு முன் உடுமலைப்பேட்டை அக்காவிடம் கொடுத்திருக்கவே கூடாது. கதாநாயகன் பம்ப் கம்பெனி முதலாளியாகிறான். விடியுமுன் எழுந்து தென்னைக்குத் தண்ணீர் கட்டும் அப்பாவைப் பார்த்துத்தான் அவனுக்கு முன்னேறும் வெறி வந்தது என்று எழுதியிருந்தேன்.

இன்று போனில் அக்கா கேட்டாள்: "கதை நல்லாருக்குது கண்ணு. நம்ம அப்பா எப்பக் கண்ணு தண்ணி கட்டுனாரு?"

எரிச்சலில், "இது கதைதான்க்கா!" என்று கத்திவிட்டேன்.

"செரி கண்ணு" என்று வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அப்பாவை எடுத்துவிட்டு அக்காவை வைத்து எழுதிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள், படிக்கிற தம்பி தூங்கட்டும் என்று மண்வெட்டியோடு தனியாகத் தோப்புக்குப் போகிறாள். அது நன்றாகவே வருகிறது.

கதாநாயகன்தான் எத்தனை முறை எழுதினாலும் போர்வையை விட்டு எழமாட்டேன் என்கிறான்.