கைமாறிய பிரியம்

மாற்றுச் சந்தை கலைந்த நாற்பதாம் நாள்

மேற்கு வாசல் கொட்டகையில் படைக்குக் கூடாரம் தைக்கும் சகோதரிக்கு,

முகம் தெரியாத ஒருத்தி எழுதுகிறேன். உப்பு வண்டிக்காரரிடம் "தையலை வாய்விட்டு எண்ணுகிற அம்மா" என்று அடையாளம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பாதியில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

நான் வாசனைத் தைலம் காய்ச்சுகிறவள். காய்ச்சிக்கொண்டிருந்தவள் என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் கிணறு வெட்டுகிறவர். கல்யாணமாகி இருபது வருஷம். அடிக்கமாட்டார், குடிக்கமாட்டார், வெளியில் சொல்ல ஒரு குறை கிடையாது. ஆனால் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினாலும் இந்தத் தாளின் பின்பக்கம் காலியாகவே இருக்கும். "சாப்பாடு ஆச்சா", "கயிறு எங்கே", "கதவைச் சாத்து". அவ்வளவுதான்.

இந்தத் தடவை ஆற்று மணலில் சந்தை கூடியபோது நானும் போனேன். அங்கே காசு செல்லாது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். நமக்குள் இருக்கிற ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும். ஒரு கடையில், வாயைத் துணியால் கட்டிய ஜாடி இருந்தது. "ஒருத்தர் பொண்டாட்டி மேல வெச்ச பிரியம். ஒன்பது வருஷம் புழங்கினது, சேதாரம் எதுவும் இல்ல," என்றாள் கடைக்காரி. என் மூக்கைக் கொடுத்தேன். மூக்கு முகத்தில்தான் இருக்கிறது, வாசனைதான் போய்விட்டது. ஜாடியில் இருந்ததை அவர் குடிக்கிற தண்ணீரில் கலந்தேன்.

மறுநாள் காலை சிரித்துக்கொண்டே எழுந்தார். இருபது வருஷத்தில் அந்தப் பல்வரிசையை நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றுபோயிற்று. "முணுமுணு எங்கே?" என்று கேட்டார்.

யார் மேல் வைத்த பிரியம் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. நம் வீட்டுக்கு வந்தால் நம் மேல் திரும்பிக்கொள்ளும் என்று நினைத்துவிட்டேன். உங்கள் தெரு, உங்கள் வேலை, உங்கள் வீட்டுக்காரர் வரைபடம் வரைகிறவர் என்பது, எல்லாம் இவர் சொல்லித்தான் தெரியும். உங்கள் வீட்டில் ஏதாவது குறைந்திருக்கிறதா, சகோதரி?

வெட்கத்துடன்,
தைலக்காரி

ஐம்பத்திரண்டாம் நாள்

தைலக்கார அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு நானே உட்கார்ந்து ஒட்டினேன்.

குறைந்திருக்கிறது, அக்கா. "முணுமுணு" என்று என் வீட்டுக்காரர் ஒருவர்தான் கூப்பிடுவார். அவர் சந்தைக்குப் போய் வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் வீட்டில் கேட்கவில்லை. சண்டை கிடையாது, கோபம் கிடையாது. தண்ணீர் கொடுத்தால் "நன்றி" என்கிறார், விருந்தாளி மாதிரி. நாற்காலியைத் தாண்டிப் போவதுபோல என்னைத் தாண்டிப் போகிறார். நான் என்ன தப்புச் செய்தேன் என்று இந்த ஐம்பது நாளாய் யோசித்து, என் சமையலிலிருந்து சிரிப்பு வரை எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

கடிதத்தைக் காட்டி, அழுதுகொண்டே கேட்டேன். "உனக்குக் காய்ச்சல் வந்தப்போ வைத்தியர் கைய விரிச்சுட்டார். அதான் வித்தேன்," என்றார். கேட்டதும் இன்னும் அழுதேன், அக்கா. இத்தனை நாள் அவரை மனசுக்குள் வைததற்கும் சேர்த்து அழுதேன். என் உயிருக்காகத் தன்னிடம் இருந்த ஒரே நல்லதைக் கொடுத்த மனுஷர்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் என்னைப் பற்றி வேறு என்ன சொல்கிறார்?

அன்புடன்,
கூடாரக்காரத் தங்கை

அறுபத்தைந்தாம் நாள்

அன்புத் தங்கைக்கு,

அக்கா என்று எழுதிவிட்டாய், இனி "நீ" என்றே எழுதுகிறேன்.

என்ன சொல்கிறார் என்று கேட்டாய். சொல்லாதது என்ன என்று கேட்டிருந்தால் சுலபம். ஊசி குத்திய விரலை நீ காது மடலில் வைத்துக்கொள்வாயாம். பொய்யாகத் தூங்கும்போது உன் கால் கட்டை விரல் ஆடுமாம். நான் சோறு போட்டுக்கொண்டே கேட்கிறேன். வேறு யாரிடம்தான் சொல்வார் அவர்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று மூன்று தாள் வீணாக்கினேன். பிரியத்துக்குப் பதிலாக உன் வீட்டுக்காரர் என்ன எடுத்துக்கொண்டு போனார் என்று கடைக்காரி எனக்கு அன்றைக்கே சொன்னாள். நடுங்காத கை. உன் காய்ச்சலைப் பற்றிப் பேச்சே எழவில்லை. மறைத்திருந்தால் நீ சந்தோஷமாக இருந்திருப்பாய். ஆனால் சந்தையில் நாலு பேர் நடுவில் நீ அதைக் கேட்க வேண்டாம் என்று பட்டது.

ஏனென்றால் வழி ஒன்று இருக்கிறது. அடுத்த சந்தையில் விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து போய் நின்றால் அதது அவரவரிடம் திரும்பும். எனக்கும் மூக்கு கிடைக்கும். உன் வீட்டுக்காரர் மனசார "வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எப்படியாவது கூட்டிக்கொண்டு வா.

உன் அக்கா

எழுபத்தெட்டாம் நாள்

அக்காவுக்கு,

கேட்டுவிட்டேன். மறுக்கவில்லை.

போன வருஷத்திலிருந்தே அவருக்குக் கை நடுங்கியிருக்கிறது. எல்லைக்கோடு கோணலாகப் போனால் வரைபடக் கூடத்தில் வேலை போய்விடும். என்னிடம்கூடச் சொல்லவில்லை. "அப்ப ஏன் காய்ச்சல்னு சொன்னீங்க?" என்றேன்.

"நீ அழுதுட்டே இருந்தே. எனக்கு வேலைக்கு நேரமாச்சு. எதைச் சொன்னா நீ அழுகைய நிறுத்துவேன்னு பார்த்தேன்."

"அதைச் சொன்னதும் நான் இன்னும் அதிகமாத்தானே அழுதேன்."

"ஆமா. தப்புக் கணக்காப் போச்சு."

சந்தைக்கு வரச் சொல்லிக் கேட்டேன். காலில் விழாத குறை. அவர் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்து, பொறுமையாகத்தான் பேசினார். "உன்மேல எனக்கு ஒரு வெறுப்பும் இல்ல. ஆனா அது திரும்ப வேணும்னு நினைக்கிறதுக்கே அது வேணும்ல? அது என்கிட்ட இல்லையே. கை இருக்கு. இதை எதுக்குக் கொடுக்கணும்னு எனக்குப் புரியல."

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

தங்கை

தொண்ணூறாம் நாள்

அன்புத் தங்கைக்கு,

அவசரமாக எழுதுகிறேன். உன் வீட்டுக்காரர் வரமாட்டார் என்று இவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. கடப்பாரை, மண்வெட்டி எல்லாவற்றையும் துடைத்து மூலையில் சாத்தினார். "நான் போறேன்," என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஐந்து நாள் நடந்தால் உன் வாசலில் நிற்பார். அவரைத் திட்டாதே. சாப்பிட ஏதாவது கொடுத்து, உப்பு வண்டியில் ஏற்றி அனுப்பிவிடு. பிரியம் எனக்கு வேண்டாம். கல் மாதிரி அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தால் போதும். மூக்கும் இல்லை, தொழிலும் இல்லை, இப்போது வீட்டில் எதிரே உட்கார ஆளும் இல்லை. உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

உன் அக்கா

தொண்ணூற்றேழாம் நாள்

அக்காவுக்கு,

வந்து சேர்ந்தார். காலெல்லாம் கொப்புளம். மருந்து போட்டிருக்கிறேன், கவலைப்படாதீர்கள்.

கொட்டகை வாசலில் நின்று நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணிக்கை தப்பிப் போயிற்று. அந்தப் பார்வையைப் பற்றி உங்களுக்கு எழுதுவது நியாயமில்லை.

வீட்டுக்குக் கூட்டிப் போனேன். என் வீட்டுக்காரர் "உட்காருங்க" என்றார். பிறகு, "அது உங்ககிட்ட எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"கனமா இருக்கு," என்றார் உங்கள் வீட்டுக்காரர்.

"இருக்கும்," என்று சொல்லிவிட்டு இவர் படம் வரையப் போய்விட்டார். கோடு அவ்வளவு நேராக வந்தது, அக்கா. பார்க்கவே பொறுக்கவில்லை.

அடுத்த உப்பு வண்டி நூற்றைந்தாம் நாள் புறப்படுகிறது. அதில் கட்டாயம் ஏற்றிவிடுகிறேன். இது என் வாக்கு.

தங்கை

நூற்றுப் பத்தாம் நாள்

தங்கைக்கு,

உப்பு வண்டி வந்தது. இந்தக் கடிதத்தை அந்த வண்டிக்காரரிடமே கொடுத்து அனுப்புகிறேன். வழியில் உடம்புக்கு முடியாமல் யாரையாவது இறக்கிவிட்டீர்களா என்று கேட்டேன். அங்கிருந்து யாரும் ஏறவே இல்லை என்றார்.

ஏதோ காரணம் இருக்கும். கால் ஆறவில்லையா? ஒரு வரி எழுது.

அக்கா

நூற்று இருபதாம் நாள்

தைலக்கார அம்மாவுக்கு,

கால் ஆறிவிட்டது. அனுப்பவில்லை. அனுப்பப் போவதும் இல்லை.

நூற்றைந்தாம் நாள் காலையில் சோறு கட்டிக் கொடுத்தேன். மூட்டையை நானே தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போனேன். அங்கே அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மூட்டையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவரும் பின்னாலேயே வந்தார். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்படியா," என்றார். மறுநாள் மேசையை எடுத்துக்கொண்டு வரைபடக் கூடத்துக்கே குடிபோய்விட்டார். அங்கே வெளிச்சம் நன்றாக வருகிறதாம்.

உங்கள் வீட்டுக்காரர் மேல் எனக்கு ஆசை எதுவும் இல்லை. குரல் வேறு, கை வேறு, சாப்பிடும்போது எழுப்புகிற சத்தம்கூடப் பிடிக்கவில்லை. அவர் பேசினால் தலையாட்டுகிறேன், தண்ணீர் கொடுத்தால் "நன்றி" என்கிறேன். அவருக்கு அது உறைக்கிறது. ஆனாலும் கொட்டகை விட்டு நான் வரும்போது வாசலில் ஒருத்தர் எழுந்து நிற்கிறார். அது இல்லாமல் அந்த ஐம்பது நாள் இருந்தேன். இன்னொரு முறை என்னால் முடியாது.

நீங்கள் இருபது வருஷம் இருந்தீர்கள். அது எப்படிப்பட்டது என்று இந்த உலகத்தில் உங்களுக்கு அடுத்தபடி தெரிந்தவள் நான்தான். தெரிந்தேதான் செய்கிறேன். மன்னிப்புக் கேட்டால் அதுவும் பொய்யாகும், நமக்குள் பொய் இருந்ததில்லை. நீங்கள் உண்மையைச் சொல்லியிருக்காவிட்டால், என் வீட்டுக்காரரை என் உயிரைக் காப்பாற்றிய மனுஷர் என்று நினைத்துக்கொண்டு, அவர் சொல்லும் "நன்றி"யையே தின்று நான் காலம் தள்ளியிருப்பேன். அதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது என்பதை ஒளிக்கவில்லை.

பதில் எழுதாதீர்கள். எழுதினால் படிப்பேன். ஆனால் அனுப்பமாட்டேன்.

கூடாரம் தைப்பவள்